தோட்டாக் கூடு கழுவும் டிரம் விட்டு விட்டுச் சுழன்றபோது: என் அனுபவம்

அமெரிக்காவின் டெக்ஸாஸில், சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கழுவி மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவோர் பலர். நானும் அவர்களில் ஒருவன். கூடுகளைத் தண்ணீர், எஃகு ஊசிகள், பாத்திர சோப்பு, சிறிதளவு சிட்ரிக் அமிலம் ஆகியவற்றோடு உருட்டிக் கழுவும் என் டிரம், மோட்டார் சீராக ஓடியும், விட்டு விட்டே சுழன்றது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அமரும் பள்ளத்தில் எஃகு ஊசி ஒன்று குறுக்கே படுத்திருந்தது. அந்த இடைவெளியில் கசிந்த சோப்புத் தண்ணீர்தான் டிரம்மைத் தாங்கிச் சுழற்றும் உருளைகளை வழுக்கச் செய்திருந்தது. ஊசியை எடுத்து, பள்ளத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உருளைகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட்டதும் சுழற்சி சீரானது. இப்போது ஒவ்வொரு முறையும் மூடுமுன் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிடுகிறேன்.

அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. சுமார் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட இந்தப் பித்தளை அதனால் வெடிப்பு விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் விரிசல் கண்டதும் அம்மோனியாவால்தான். கழுவிய கறுப்பு நீரில் ஈயம் இருக்கும் என்பதால், கையுறை இல்லாமல் அதைத் தொடுவதில்லை. சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதும் இல்லை.