கடைக்கு மென்பொருள் எழுதித் தருமுன் எழுத வேண்டிய தாள்

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கோ, பாளையங்கோட்டையில் ஓர் அரிசி மண்டிக்கோ பில் போடும் மென்பொருளை எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே வேலையை ஏற்கிறார்கள். மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய, திருத்தக்கூடிய வடிவம், யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, கடைக்காரர் இரண்டாவது கிளை திறக்கும் நாளில்தான் எழுகிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவுடன் உரிமை உண்டாகிவிடும், பதிவு கட்டாயமில்லை. சம்பள ஊழியராக இருந்து எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். ஆனால் வெளியாளாகத் தொகை பேசி எழுதியவரின் உரிமை, பணம் கைமாறியதாலேயே கடைக்காரருக்குப் போய்விடாது. அதற்கு எழுத்தும் கையொப்பமும் வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அந்தத் தாளில் காலம் சொல்லப்படாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் ஒப்பந்தத் தாளில் இவற்றைத் தெளிவாக்குங்கள்: உரிமையையே தருகிறீர்களா, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமா, எத்தனை கடைகளுக்கு, நீங்கள் ஊரில் இல்லாதபோது வேறொருவர் நிரலைத் திருத்தலாமா, மூலநிரலின் ஒரு படி கடையில் இருக்குமா. கடைசி இரண்டையும் கடைக்காரருக்கு மறுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தம் கணக்கு முழுவதையும் நம்மிடம் ஒப்படைத்தவரை ஒரே ஆளின் தயவில் நிறுத்துவது முறையன்று.

அடுத்து, இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்த பகுதிகள். உரிமம், அதாவது பயன்படுத்தும் அனுமதியும் நிபந்தனையும், குறிப்பிடாமல் பொதுவில் கிடக்கும் நிரலை எடுத்தாள உங்களுக்கு அனுமதி இல்லை. எம்ஐடி என்னும் தளர்வான உரிமம் என்றால் அதன் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமம் என்றால், மென்பொருளைப் பெறுபவருக்கு மூலநிரலும் அதே உரிமைகளும் கிடைக்க வேண்டும். கன்னடியன் கால்வாயில் தம் வயலுக்கு நீர் பாய்ச்சியவர், கடைமடைக்குப் போகும் நீரை அடைக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனை அது.

ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் என்னும் பாதுகாப்பு, பில் போடும் நிரலுக்கு மிக அதிகம் என்றே நினைக்கிறேன். ஆயினும் பதிப்புரிமையே இல்லையென்றால் ஜிபிஎல்லின் நிபந்தனையை மீறுபவரைத் தடுக்க வழியிராது. ஆதலால் காலத்தைக் குறைக்கக் கேட்பேனே தவிர, சட்டத்தையே நீக்கக் கேட்க மாட்டேன்.

உரிம வாசகத்தைத் தனிக் கோப்பாக நிரலின் முதன்மைக் கோப்புறையில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஆண்டையும் உரிமையாளர் பெயரையும் எழுதுங்கள். ஒப்பந்தத் தாளை இரண்டு படிகள் எடுத்து இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.