ஏர்சாஃப்ட் துப்பாக்கி: ஸ்பிரிங் என்ன செய்கிறது, மோட்டார் என்ன செய்கிறது?

வேகமான மோட்டார் போட்டால் குண்டும் வேகமாகப் போகும் என்றுதான் புதிதாக வருபவர்கள் பலர் நினைக்கிறார்கள். போகாது. மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) மோட்டார் கியர்களைச் சுழற்றி பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்தும், அவ்வளவுதான். கியரின் கடைசிப் பல் பிஸ்டனை விட்டதும் மோட்டாரின் வேலை முடிந்தது. பிஸ்டனை முன்னே தள்ளி, காற்றை அழுத்தி, குண்டை வெளியேற்றுவதெல்லாம் ஸ்பிரிங்தான். இவற்றை மாற்ற நினைத்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

படி 1: இப்போதுள்ள வேகத்தை அளந்துகொள்ளுங்கள். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) முன்னால் 0.20 கிராம் குண்டுகளைச் சுட்டுப் பாருங்கள். நொடிக்கு 100 மீட்டர் வந்தால், அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். வேகம் 10% கூடினால் ஆற்றல் 21% கூடிவிடும். விளையாடும் மைதானம் குண்டின் வேகத்துக்கோ ஆற்றலுக்கோ விதித்திருக்கும் வரம்பைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

படி 2: கண்ணாடி அணிந்து, மேகசினைக் கழற்றி, உள்ளே தங்கிய குண்டையும் பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்றுங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் அழுந்தியபடி நின்றிருந்தால், அதை விடுவிக்காமல் கியர்பாக்ஸை (கியர்களும் ஸ்பிரிங்கும் இருக்கும் பெட்டி) திறக்கவே கூடாது.

படி 3: ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பிரிங்கின் பெயரில் எம்100 என்று இருந்தால், 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு ஏறக்குறைய 100 மீட்டர் வேகம் என்று பொருள். காற்றுக் கசிவு இருந்தால் அது வராது. ஸ்பிரிங்கை மாற்றாமலே வேகத்தைக் கூட்டவும் வழி உண்டு: பேரிங் வைத்த ஸ்பிரிங் கைடு (ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் தண்டு). பேரிங்கின் தடிமன் அளவுக்கு ஸ்பிரிங் முன்கூட்டியே அழுந்தி நிற்கும். உதாரணத்துக்கு, 50 மி.மீ. அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கை பிஸ்டன் இன்னொரு 50 மி.மீ. இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப அழுத்தத்தை 55 ஆக்கினால், சேரும் ஆற்றல் 6.7% கூடும், 100 மீட்டர் வேகம் சுமார் 103 ஆகும். சின்ன மாற்றம்தான், ஆனால் பல நேரங்களில் அதுவே போதும்.

படி 4: இப்போது மோட்டார். இது தீர்மானிப்பது நொடிக்கு எத்தனை குண்டு, டிரிகர் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதை. கடினமான ஸ்பிரிங்குக்கு முறுக்குவிசை அதிகமுள்ள மோட்டார் வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் திணறிச் சூடாகும். இதைவிட மோசமானது, பலம் குறைந்த ஸ்பிரிங்கோடு அதிவேக மோட்டாரைச் சேர்ப்பது. பிஸ்டன் முழுதாகத் திரும்பி வருவதற்குள் அடுத்த சுற்றின் பல் வந்து மோதும். பிஸ்டனின் பற்கள் மழுங்கிப்போவது பெரும்பாலும் இப்படித்தான். 7.4 வோல்ட்டிலிருந்து 11.1 வோல்ட் பேட்டரிக்குப் போனாலும் இதே ஆபத்து உண்டு.

படி 5: எல்லாவற்றையும் பூட்டி மறுபடி அளங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் வேகம் தாறுமாறாக மாறினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். பிஸ்டன் தலையின் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்), நாசில் (காற்றைக் குண்டின் பின்னே செலுத்தும் குழாய்), ஹாப்-அப் ரப்பர் (குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ரப்பர்) மூன்றிலும் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அளவு மைதான வரம்பைத் தாண்டினால், ஒரு படி பலம் குறைந்த ஸ்பிரிங் போடுங்கள். அப்போது மோட்டாரின் வேகம் அதற்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.