அட்டையில் ஹைடன் என்று போட்டிருந்தது

மேற்கத்திய இசைக் கச்சேரிகளுக்கு நிகழ்ச்சிக் குறிப்பு எழுத வரும் புதியவர்களின் பிரதிகளைத் திருத்துவது இப்போது என் வேலை. போன வாரம் வந்த ஒன்றில், அட்டையில் இருக்கும் பெயரை அப்படியே நம்பும் என் பழைய தவறு உட்கார்ந்திருந்தது. எழுத்துப்பிழைகளை விடுங்கள், அவை மெய்ப்பு பார்க்கும்போது சிக்கிவிடும். சிக்காத தவறுகளைத்தான் கீழே தலைப்புகளாகப் போட்டிருக்கிறேன்.

மொசார்ட்டின் 37ஆவது சிம்பொனி

முன்னுரை மட்டும்தான் மொசார்ட். மீதி மிக்கேல் ஹைடன், புகழ்பெற்ற ஜோசப் ஹைடனின் தம்பி.

ஹைடன், ஓபஸ் 3

அண்ணன் ஜோசப் பெயரில் உள்ள ஆறு குவார்டெட்கள் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான படைப்புகள்) இவை; ஓபஸ் என்பது வெளியீட்டு எண். இதில்தான் எனக்குக் கைக்காசு போனது. ஐந்தாவது குவார்டெட்டில் வரும் 'செரனேட்' எல்லோருக்கும் பிடித்தது. முதல் வயலின் மியூட் (ஒலியைத் தணிக்கும் சிறு கருவி) போட்டுப் பாடும், மற்ற மூவரும் வில்லை விட்டு விரலால் தந்தியைச் சுண்டுவார்கள். நான் 'ஹைடன்' என்று 300 பிரதி அச்சடித்தேன். ஒத்திகையில் வயோலா வாசித்த பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, "இது அவருடையது இல்லையே தம்பி" என்றார். ராத்திரியோடு ராத்திரியாக 'ஹோஃப்ஸ்டெட்டர்' என்று மாற்றி அடித்தேன். அதுவும் அரைத் தவறு!

நடந்தது இதுதான். 1777இல் பாரிஸ் பதிப்பாளர் பயூ இந்த ஆறையும் ஹைடன் பெயரில் வெளியிட்டார். அந்தப் பெயருக்கு அப்போது நல்ல விற்பனை. ஹைடனின் மாணவர் பிளேயெல் தன் தொகுப்பில் இவற்றைச் சேர்த்தார். அதைப் பார்த்து, ஹைடனின் முதுமையில் தயாரான அவருடைய படைப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. "அவரே ஒப்புக்கொண்டாரே" என்று இன்றும் வாதாடுகிறார்கள். எரிச்சலாக வரும். 1964இல் இசை ஆய்வாளர்கள் ஆலன் டைசனும் ராபின்ஸ் லேண்டனும் பயூவின் அச்சுப் பிரதியை உற்றுப் பார்த்தபோது, அச்சுத் தகட்டில் பெயரைச் சுரண்டிய பிறகும் மங்கலாக 'ஹோஃப்ஸ்டெட்டர்' தெரிந்தது. ஆமோர்பாக் மடத்துத் துறவி அவர். ஆனால் பெயர் தெரிந்தது முதல் இரண்டு குவார்டெட்களில். செரனேட் இருப்பதோ ஐந்தாவதில். அதனால் 'ஹைடன் பெயரில் வெளியானது, ஹோஃப்ஸ்டெட்டருடையதாகக் கருதப்படுகிறது' என்று எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

சமர்ப்பணம் என்றால் நட்பு

'க்ரூட்ஸர்' சொனாட்டாவை 1803இல் வியன்னாவில் பேத்தோவனோடு முதலில் வாசித்தவர் வயலின் கலைஞர் பிரிட்ஜ்டவர். அப்புறம் இருவருக்கும் மனஸ்தாபம். 1805இல் அச்சானபோது சமர்ப்பணம் இன்னொரு வயலின் கலைஞரான க்ரூட்ஸருக்குப் போனது. அவரை மனதில் வைத்து எழுதியதாகக் கதை கட்டாதீர்கள்.

'எரோய்க்கா' நெப்போலியனுக்கு

இது பேத்தோவனின் மூன்றாவது சிம்பொனி. அச்சில் சமர்ப்பணமாக இருப்பது இளவரசர் லோப்கோவிட்ஸ் பெயர். வியன்னாவில் உள்ள கைப்பிரதியின் முகப்பில் 'போனபார்ட்' இருந்த இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. இங்கேயும் சுரண்டல்தான்.