அமெரிக்காவில் எம்.எஸ். சேர்ந்தாச்சு, ஹெல்த் இன்சூரன்ஸை எடுப்பதா வேவ் செய்வதா?

முதல் செமஸ்டர் பில்லைத் திறந்தால் டியூஷன் வரிகளுக்குக் கீழே 'ஸ்டூடண்ட் ஹெல்த் இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். பல பல்கலைக்கழகங்களில் வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்று போகிற தொகை அது. நாம் கேட்கவே இல்லையே, இது எப்படி வந்தது என்று திக்கென்று இருக்கும். உடனே சீனியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேட்போம். "வேவ் பண்ணிடு, வெளியே கால்வாசி விலைக்குக் கிடைக்கும்" என்று பதில் வரும், கூடவே ஒரு லிங்க்கும் வரும். வேறு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று காட்டி இந்த வரியிலிருந்து விலக்கு வாங்குவதுதான் வேவ் செய்வது, அந்த விலக்குக்குப் பெயர் வேவர்.

நானும் அப்படி வந்த லிங்க்கில்தான் வாங்கினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, குளிர் ஒத்துக்கொள்ளாது. நவம்பரில் ஓர் இரவு மூச்சு இழுத்து இழுத்து இன்ஹேலருக்கும் அடங்கவில்லை, ரூம்மேட் காரில் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனான். நெபுலைசர் வைத்து மருந்து கொடுத்து நாலு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்தது: இது ஏற்கெனவே இருந்த நோய், முதல் 12 மாதத்துக்குப் பணம் தர முடியாது. பாலிசியில் பதினோராம் பக்கத்தில் அந்த நிபந்தனை இருந்தது. அந்த பில்லை நான் பத்து மாதம் தவணையில் கட்டி முடித்தேன்.

வேவ் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அதுதான் சரி. ஆனால் லிங்க் அனுப்பிய சீனியருக்கு வீசிங் கிடையாது. அவருக்குப் பொருந்திய திட்டம் எனக்குப் பொருந்தவில்லை. விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் உடம்பைப் பற்றி யோசியுங்கள், அப்புறம் கீழே உள்ளபடி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

படி 1: உங்களுக்கு எந்த விதி என்று பாருங்கள்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்கள் இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி எதுவும் இல்லை. கட்டாயப்படுத்துவது பல்கலைக்கழகம்தான் (சில இடங்களில் மாநில விதியும் சேர்ந்துகொள்ளும்). அதனால் பக்கத்து ஊரில் படிக்கும் நண்பனின் அனுபவம் உங்களுக்கு உதவாது. சில பல்கலைக்கழகங்கள் எல்லோரையும் தானாகவே திட்டத்தில் சேர்த்துவிட்டு, வேறு இன்சூரன்ஸ் இருந்தால் வேவர் கேட்கச் சொல்லும். சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வேவரே கிடையாது. அப்படி இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது, நேராக ஆறாம் படிக்குப் போய்விடுங்கள்.

ஜே-1 விசா (பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கானது) என்றால் கதை வேறு. அவர்களுக்கு மத்திய அரசே குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர் வரை மருத்துவச் செலவு, இறந்தால் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப 25,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக வேறு இடத்துக்கோ ஊருக்கோ கொண்டுபோக 50,000 டாலர், டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கும் முன் நாம் போடும் தொகை) 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. கூட வரும் ஜே-2 குடும்பத்தாருக்கும் இதே விதிதான்.

இன்னொன்று. பில்லில் 'ஹெல்த் ஃபீ' என்று தனியாக ஒரு சின்னத் தொகை இருக்கலாம். அது இன்சூரன்ஸ் இல்லை, வளாகத்தில் இருக்கும் ஹெல்த் சென்டரை நடத்துவதற்கான கட்டணம். இன்சூரன்ஸை வேவ் செய்தாலும் பெரும்பாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

படி 2: கடைசி நாளைக் கண்டுபிடியுங்கள்

வேவர் கடைசி நாளும் பில் கட்டும் கடைசி நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. பல்கலைக்கழகத்தின் ஹெல்த் இன்சூரன்ஸ் பக்கத்துக்கே போய்த் தேதியைப் பார்த்து, போனில் ஒரு வாரம் முன்னதாகவே அலாரம் வையுங்கள். இன்னும் சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் நேரக் கணக்கையும் பாருங்கள்: ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 9:29. தேதி தாண்டிவிட்டால் அந்த செமஸ்டருக்கோ முழு வருடத்துக்கோ பணம் பணம்தான், கெஞ்சினாலும் திரும்புவது அபூர்வம்.

படி 3: இரண்டு திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத் திட்டம் பெரும்பாலும் ஏட்னா, யுனைடெட் ஹெல்த்கேர், வெல்ஃப்ளீட் மாதிரி ஏதாவதொரு நிறுவனம் மூலம் வரும். அதற்கு 'சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ்' என்று சில பக்கங்களில் ஒரு பிடிஎஃப் இருக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். வெளியே பார்த்த திட்டத்துக்கு விளம்பரப் பக்கம் போதாது, முழு பாலிசி ஆவணம் வேண்டும்.

நாலு சொற்கள் புரிந்தால் போதும். வருடா வருடம் கட்டுவது பிரீமியம். இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது டிடக்டிபிள். அதற்கு மேல் வரும் பில்லில் உங்கள் பங்கு சதவீதம் கோ-இன்சூரன்ஸ். ஒரு வருடத்தில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்ச அளவு அவுட்-ஆஃப்-பாக்கெட் மேக்ஸிமம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆஸ்பத்திரி பில் 5,500 டாலர், டிடக்டிபிள் 500, கோ-இன்சூரன்ஸ் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 500 உங்களுடையது, மிச்சம் 5,000-இல் 20 சதவீதம் 1,000, ஆக மொத்தம் 1,500 டாலர். அதே டாக்டர் நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள்) இல்லாமல், பங்கு 40 சதவீதம் என்றால் 2,500 ஆகிவிடும், அந்த டாக்டர் அதற்கு மேலும் கேட்கலாம். அதனால் வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள்.

மலிவுத் திட்டங்களில் தவறாமல் தேட வேண்டிய இடங்கள் இவை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா? டிடக்டிபிள் வருடத்துக்கு ஒரு முறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகவா? மனநல சிகிச்சைக்கு எத்தனை தடவை வரை? விளையாடும்போது அடிபட்டால் கொடுப்பார்களா? உச்ச வரம்பு நீங்கள் கட்டுவதற்கா, அவர்கள் கொடுப்பதற்கா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். 2010-இல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டத்துக்கு உட்பட்ட திட்டம் என்றால், ஏற்கெனவே இருக்கும் நோய் என்று சொல்லி மறுக்க முடியாது, அத்தியாவசிய சிகிச்சைக்கு மொத்த வரம்பு வைக்க முடியாது, நெட்வொர்க்குக்குள் உங்கள் கையிலிருந்து போவதற்கும் உச்சம் உண்டு (2025-இல் ஒருவருக்கு 9,200 டாலராக இருந்தது, பல திட்டங்களில் இதைவிடக் குறைவு). பயண இன்சூரன்ஸ் வகையைச் சேர்ந்த மலிவுத் திட்டங்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் கிடையாது. அவை 50,000 டாலர் வரை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் மீதி உங்கள் தலையில்தான்.

ஆஸ்துமா, தைராய்டு, சர்க்கரை, பிசிஓடி, மன அழுத்தத்துக்கு மாத்திரை என்று ஏதாவது ஒன்று இருந்தால் தயவுசெய்து பல்கலைக்கழகத் திட்டத்திலேயே இருங்கள். மிச்சமாகும் ஆயிரம் டாலர் ஒரே இரவில் போய்விடும், நான் பார்த்துவிட்டேன்.

வேவ் செய்வது நியாயமான இடங்களும் உண்டு. கணவனோ மனைவியோ அங்கே வேலையில் இருந்து, அந்தக் கம்பெனி இன்சூரன்ஸில் உங்களையும் சேர்த்திருந்தால் தாராளமாக வேவ் செய்யுங்கள். அப்பா அம்மா அமெரிக்காவில் வேலை செய்பவர்கள் என்றால், 26 வயது ஆகும்வரை அவர்கள் திட்டத்தில் இருக்கலாம். அந்தத் திட்டத்தின் நெட்வொர்க் நீங்கள் படிக்கும் மாநிலத்திலும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டிஏ (டீச்சிங் அசிஸ்டெண்ட்), ஆர்ஏ (ரிசர்ச் அசிஸ்டெண்ட்) வேலை கிடைத்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் பிரீமியத்தில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கட்டிவிடும். அது தெரியாமல் வேவ் செய்துவிடாதீர்கள், முதலில் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 4: வேவர் படிவம்

படிவம் சின்னதுதான், பத்து நிமிட வேலை. இன்சூரன்ஸ் கார்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வையுங்கள். மெம்பர் நம்பர், குரூப் நம்பர் முன்னால் இருக்கும், நிறுவனத்தின் போன் நம்பரும் க்ளெய்ம் முகவரியும் பெரும்பாலும் பின்னால் இருக்கும். திட்டம் தொடங்கும் தேதி பல்கலைக்கழகம் சொல்லும் தேதிக்கு முன்னாலோ அன்றோ இருக்க வேண்டும், ஒரு நாள் தள்ளிப்போனாலும் நிராகரிப்பார்கள். ஊரில் எடுத்த இந்திய இன்சூரன்ஸைக் காட்டி வேவர் வாங்குவது பெரும்பாலான இடங்களில் நடக்காது, அதற்கு அமெரிக்காவில் நெட்வொர்க்கும் இல்லை, நேரடியாகப் பணம் கட்டும் அலுவலகமும் இல்லை.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துவிடும். பல்கலைக்கழகத்தில் அப்படியே பதிவாகியிருக்கும், இன்சூரன்ஸ் வாங்கும்போது நீங்கள் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பீர்கள். சரிபார்க்கும் கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு வேறு ஆட்கள். அதனால் வாங்கும்போதே பல்கலைக்கழகப் பதிவில் உள்ளபடி எழுத்து மாறாமல் போடுங்கள். பிறந்த தேதியும் அப்படித்தான், அங்கே மாதம் முதலில் வரும். மே 8-இல் பிறந்தவர் 08/05 என்று போட்டால் ஆகஸ்ட் 5 ஆகிவிடும்.

அனுப்பியதும் வரும் உறுதி எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 5: பதில் வரும்வரை விடாதீர்கள்

படிவம் அனுப்பியதும் வேலை முடியவில்லை. 'பெண்டிங்' என்பது 'அப்ரூவ்ட்' என்று மாறி, பில்லிலிருந்து அந்தத் தொகை கழிந்த பிறகுதான் முடிந்தது. பதில் பல்கலைக்கழக மெயிலுக்குத்தான் வரும், ஜிமெயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. மறுத்துவிட்டால் காரணத்தைப் படியுங்கள், பெயர், தேதி மாதிரி சின்னப் பிழை என்றால் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி அப்பீல் செய்யலாம், அதற்கும் சில நாள்தான் தருவார்கள்.

அப்ரூவ் ஆனதால் திட்டம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் தன் நிபந்தனைகளை மட்டும்தான் பார்க்கும். என் மலிவுத் திட்டத்துக்கும் இரண்டே நாளில் அப்ரூவல் வந்தது.

படி 6: திட்டத்தில் இருக்க முடிவு செய்தால்

பல இடங்களில் தானாகவே சேர்ந்துவிடுவீர்கள், சில இடங்களில் போர்ட்டலில் போய் 'என்ரோல்' அழுத்த வேண்டும். எதற்கும் உள்ளே போய்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கூட வரும் துணைக்கும் குழந்தைக்கும் தனியாகப் பதிவு செய்து தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதற்கும் கடைசி நாள் உண்டு. பல்லும் கண்ணும் பெரும்பாலும் இதில் வராது, ஊரிலிருந்து கிளம்பும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு, இரண்டு ஜோடிக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கார்டை இறக்கி போனில் வையுங்கள். சாதாரணக் காய்ச்சல், இருமல் என்றால் முதலில் வளாக ஹெல்த் சென்டர். சில திட்டங்களில் அங்கிருந்து ரெஃபரல் (பரிந்துரை) வாங்காமல் வெளி டாக்டரிடம் போனால் பணம் வராது. இரவு, வார விடுமுறை என்றால் அர்ஜென்ட் கேர் (உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்கான கிளினிக்). உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கணக்குப் பார்க்காமல் 911 அழையுங்கள், இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எமர்ஜென்சியில் உங்களைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்பது அங்கே 1986-லிருந்து சட்டம். பெரிய பில் வந்துவிட்டால் உடனே கட்டாதீர்கள், லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் நிதி உதவித் திட்டம் இருந்தாக வேண்டும். பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்து அந்தப் படிவத்தைக் கேளுங்கள், எனக்குப் பில்லில் ஒரு பகுதி குறைந்தது அதனால்தான்.

பெரும்பாலான இடங்களில் வேவரை ஒவ்வொரு கல்வியாண்டும் திரும்பக் கேட்க வேண்டும். படிப்பு முடிகிற வருடம் திட்டம் எந்தத் தேதியோடு நிற்கிறது என்றும் பார்த்து வையுங்கள், மே மாதம் பட்டம் வாங்கி ஆகஸ்டில் வேலையில் சேர்பவர்களுக்கு நடுவில் சில வாரம் ஒன்றுமே இல்லாமல் போகலாம்.