அங்கே போட்ட அறிவித்தல் ஹட்டனுக்குக் கேட்காது: வெளிநாட்டில் பெயர் மாற்ற நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டைப்பிங் கடை. அதில் மேசை போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட், ஈபிஎஃப் என்ற சேமலாப நிதி என்று எதற்காக வந்தாலும் பேச்சு கடைசியில் பெயரில் வந்து நிற்கும். இப்போது அதே பேச்சு வாட்ஸ்அப்பிலும் வருகிறது. கனடாவில் ஸ்காபரோவில் இறங்கி ஒரு வருடமான பிள்ளை, லண்டனில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போன பிள்ளை, பாரிஸில் அகதி மனு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை, எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இங்க பேரை மாத்தலாங்கிறாங்க. மாத்துனா கெஸட்ல போடுவாங்களாம். போடணுமா? போட்டா என்ன ஆகும்?"

கெஸட் என்றால் அரசாங்கம் அறிவித்தல் போடும் அரசிதழ். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாற்றமா, திருத்தமா?

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சொப்பிங் பைக்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் நாலாக மடித்த கடதாசிகள். பிறப்புப் பதிவில் பழனியம்மா. அடையாள அட்டையில் பலனியம்மா. சிங்கள எழுத்தில் ழகரம் கிடையாது, எழுதியவர் கைக்கு லகரம்தான் வந்திருக்கிறது. வேலையாட்கள் பெயரைப் பதியும் தோட்டத்துச் செக்ரோலில் பழனியாய், அது கங்காணி கூப்பிட்ட பெயர். மகளின் பள்ளிக்கூட அட்டையில் அம்மா பெயர் வெறும் பழனி. ஆக நாலு பெயர். அந்த அம்மா வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தன் பெயரை மாற்றியதில்லை.

உங்களில் பலருடைய கதையும் இதுதான். அதனால் வெளிநாட்டில் பெயர் மாற்றப் படிவத்தைக் கையில் எடுக்கும் முன் உங்கள் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறப்புப் பதிவு சரி, பாஸ்போர்ட்டில்தான் பிழை என்றால் உங்களுக்குத் தேவை திருத்தம். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் அதைத் திருத்தவும், பெயரைச் சேர்க்கவும் மாற்றவும் இங்கேயே சட்டத்தில் வழி இருக்கிறது. பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் தொடங்கும் வேலை அது. பள்ளிக்கூடப் பதிவு போன்ற பழைய ஆதாரமும், சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட சத்தியக் கடதாசியும் கேட்பார்கள். பத்திரிகையில் "இன்று முதல் என் பெயர் இன்னது" என்று விளம்பரம் போட்டால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விளம்பரம் உங்கள் பிறப்புப் பதிவில் ஓர் எழுத்தையும் மாற்றாது.

எழுத்துப்பிழையைத் திருத்துவதற்காக வெளிநாட்டில் சட்டப்படி பெயர் மாற்றம் செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். பிழைக்குப் பிழை சேர்த்த மாதிரி, உங்கள் பேரில் இன்னொரு பெயர் கூடும்.

நமக்கே உரிய இன்னொரு தொல்லை தகப்பன் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, முதலெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்ததும், அங்கே உங்களை ஆறுமுகம் என்று கூப்பிடுகிறார்கள். புருஷனுக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், பிள்ளைக்கு இன்னொன்று. பள்ளிக்கூட வாசலில் "நீங்கள் இந்தப் பிள்ளையின் அம்மாதானா?" என்று ஒரு தடவை கேட்கப்பட்டவள் அதை மறக்கமாட்டாள். இதற்காகப் பெயர் மாற்ற நினைப்பது நியாயமான நினைப்பு. புருஷன் பெயரை எடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் திருமணச் சான்றிதழே போதும், அதற்குப் பொது அறிவித்தல் கிடையாது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் கதை வேறு. 1981 முதல் அங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த பெயரிலேயே இருக்க வேண்டும். மொன்றியலில் வீடெடுக்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஊரறியச் சொல்வது எதற்கு?

நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியற்காலையில் வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு என்ற பறையை அடித்தால் லயம் லயமாக எல்லோரும் எழுந்துகொள்வார்கள். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கெஸட், நம் வழக்கில் வர்த்தமானி, அதே வேலையைத்தான் செய்கிறது. லண்டன் கெஸட் 1665இல் தொடங்கியது, இலங்கை வர்த்தமானி 1802இல். அரசாங்கம் ஒன்றை அதில் போட்டுவிட்டால் நாட்டுக்கே சொன்னதாகக் கணக்கு. பெயரை மாற்றி ஒருவர் கடனிலிருந்தோ வழக்கிலிருந்தோ நழுவிவிடக் கூடாது, ஆட்சேபிக்க வேண்டியவருக்கு ஆட்சேபிக்க வாய்ப்பு வேண்டும் என்பதுதான் காரணம். உங்களைச் சந்தேகப்பட்டு வைத்த விதியல்ல. எல்லோருக்கும் ஒரே விதிதான்.

ஆனால் தப்பை யார் அடிக்க வேண்டும், எவ்வளவு சத்தமாக அடிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

ஒன்ராறியோவில் 16 வயது நிரம்பி, அந்த மாகாணத்தில் குறைந்தது 12 மாதம் வசித்தவர்தான் விண்ணப்பிக்கலாம். வந்த கையோடு மாற்ற முடியாது. அறிவித்தலை நீங்கள் தேடிப் போய்ப் போட வேண்டியதில்லை. மாற்றம் பதிவானதும் ஒன்ராறியோ கெஸட்டில் பழைய பெயரும் புதிய பெயரும் வெளியாகும். இணையத்திலும் அது இருக்கும். கையில் கிடைக்கும் பெயர் மாற்றச் சான்றிதழிலும் இரண்டு பெயர்களும் இருக்கும். அந்தச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

பிரித்தானியாவில் அறிவித்தல் கட்டாயமே இல்லை. டீட் போல் என்ற பெயர் மாற்றப் பத்திரத்தை 16 வயது நிரம்பியவர் தானே எழுதி, சாட்சி முன் கையெழுத்திட்டுப் பயன்படுத்தலாம். 18 வயதானவர் விரும்பினால் அதை லண்டனில் ரோயல் கோர்ட்ஸ் ஒஃப் ஜஸ்டிஸ் என்ற நீதிமன்றத்தில் பதியலாம். பதிந்தால் லண்டன் கெஸட்டில் வெளியாகும். "பதியாட்டிச் செல்லாது" என்று பயமுறுத்திக் காசு கேட்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: உங்கள் குடிவரவுப் பதிவில் உள்ள பெயர் உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டில் பழைய பெயரை வைத்துக்கொண்டு டீட் போலை மட்டும் காட்டி அதை மாற்ற முடியாது. பாஸ்போர்ட்டை மாற்றப் போனால் பிறப்புப் பதிவு கேட்பார்கள். ஆக வேலை மறுபடியும் பிரதேச செயலகத்துக்கே வந்து நிற்கும். லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிரான்ஸில் பிரெஞ்சுக் குடிமக்கள் தக்க காரணம் காட்டிக் குடும்பப் பெயரை மாற்றுவதானால், மனு கொடுக்கும் முன்பே அரசிதழிலும் சட்ட அறிவித்தல் போடும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் தங்கள் செலவில் விளம்பரம் போட வேண்டும். ஆணை வெளியான பிறகும் ஆட்சேபணைக்கு இரண்டு மாதம் உண்டு. தாயின் பெயரையோ தகப்பன் பெயரையோ எடுப்பதற்கு மட்டும் 2022 ஜூலை 1 முதல் நகரசபையிலேயே எளிய வழி வந்துவிட்டது, அதற்கு விளம்பரம் வேண்டாம். இன்னும் குடியுரிமை கிடைக்காதவர்களுக்குப் பொதுவாக இந்த இரண்டும் இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பெயரைப் பிரெஞ்சு வழக்குக்கு மாற்றக் கேட்கலாம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் நீதிமன்றம் விசாரணைத் தேதி குறித்து, அந்த உத்தரவை உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு தடவையாக நாலு வாரம் தொடர்ந்து போடச் சொல்லும். வளைகுடாவுக்குப் போன நம் பெண்களுக்கு, பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் பெயர். அது பிழையென்றால் இங்கிருந்துதான் சரிசெய்ய வேண்டும்.

கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துச் சொந்தங்களும் கேட்பதுண்டு. இந்திய மத்திய அரசிதழில் மாற்றுகிறவர் முதலில் நாளிதழில் விளம்பரம் போட்டு, அந்தப் பக்கத்தை மனுவோடு வைக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசிதழிலும் பெயர் மாற்றம் வெளியிடலாம். வெளியான பக்கம்தான் பிறகு எல்லா இடத்துக்கும் ஆதாரம்.

வெளியே தெரியக் கூடாதவர்கள்

அடித்த புருஷனிடமிருந்து தப்பி வந்தவள், ஊரில் ஆபத்து என்று தஞ்சம் கேட்டவர் ஆகியோருக்குக் கெஸட் நன்மை செய்யாது. பழைய பெயரைத் தேடுகிறவர் கையில் புதிய பெயரைக் கொடுத்துவிடும். ஒருமுறை அச்சானதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஒன்ராறியோவிலும் கலிபோர்னியாவிலும் இப்படிப்பட்டவர்களுக்கு அறிவித்தல் இல்லாமல் மாற்ற வழி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டால்தான் கிடைக்கும், விண்ணப்பத்தைப் போடும் முன்பே கேட்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இலவசச் சட்ட உதவி நிலையத்தில் முதல் நாளே சொல்லுங்கள். அகதி மனு நிலுவையில் இருப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் பெயரையும் மாற்றாதீர்கள், இலங்கைத் தூதரகத்துக்கும் போகாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களின் பயம்

"பேரை மாத்தாத சாமி, பேப்பர் போயிடும்" என்று பாட்டி சொல்வாள். அதைப் பட்டிக்காட்டுப் பயம் என்று தள்ளாதீர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். இங்கே பிறந்தேன் என்று கடதாசியால் காட்டத் தெரியாதவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த வயது அது. அவளுக்குப் பெயர் என்றால் கூப்பிடுவதற்கு மட்டுமல்ல, நாட்டில் இருப்பதற்கும்தான். பொறுமையாக உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். அவள் பயத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது.

ஒன்ராறியோவில் நீங்கள் மாற்றிய பெயர் தானாக இங்கே வந்து சேராது. பிறப்புப் பதிவில் நீங்கள் இன்னும் பழைய ஆள்தான். அடையாள அட்டையிலும் அப்படியே. அப்பாவின் ஈபிஎஃப் காசு யாருக்கு என்று எழுதும் நொமினி படிவத்திலும், வீடு கட்டக் கிடைத்த 7 பேர்ச் காணியின் கடதாசியிலும் இருப்பது பழைய பெயர்.

என் அண்ணன் மகள் அங்கே போய் மூன்றாம் வருடம் பிள்ளைகள் பெயரோடு பொருந்தும்படி தன் பெயரை மாற்றினாள். முறையாகத்தான் செய்தாள், கெஸட்டிலும் வந்தது. அடுத்த வருடம் அண்ணன் தவறிவிட்டார். ஈபிஎஃப் காசுக்காக இங்கே ஓர் அலுவலகத்தில் பிள்ளைகளின் விவரம் கேட்டார்கள். அவள் அனுப்பிய பாஸ்போர்ட் பிரதியில் இருந்த பெயர் எங்கள் கடதாசி எதிலும் இல்லை. "இது யாரு?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். என் கையால் பிறந்த நாளில் தூக்கிய பிள்ளை. என்னால் கடதாசியால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் பெயர் மாற்றச் சான்றிதழை வீடு மாறும்போது தொலைத்திருந்தாள். மறுபிரதி எடுத்து, மொழிபெயர்த்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பதற்குள் அண்ணி ஏழு தடவை ஹட்டனுக்கு ஏறி இறங்கினாள். கொழுந்து நாள் சம்பளம் ஏழு போனது.

அதனால் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். சான்றிதழோ டீட் போலோ நீதிமன்ற உத்தரவோ, எதுவானாலும் அத்தாட்சிப் பிரதிகள் கூடுதலாக எடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். அரசிதழில் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை, தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி அச்செடுங்கள். வங்கி, வரி, வைத்தியசாலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். கெஸட்டைப் படித்துவிட்டு அவர்கள் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். விமான டிக்கெட்டை மட்டும், பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரிலேயே எடுங்கள்.

ஒரு பிரதியைத் தமிழ் மொழிபெயர்ப்போடு பதிவுத் தபாலில் வீட்டுக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில், அம்மா வாசிக்கிற மாதிரி எழுதுங்கள்: "இது உன் மகளின் பெயர் மாற்றிய கடதாசி. பழைய பெயர் இது, புதிய பெயர் இது. ட்ரங்குப் பெட்டியில் என் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வை."