செப்டிக் டேங்க் கசடை உரமாக்குகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

செப்டிக் டேங்க் லாரியை வாழை மூட்டில் அப்படியே திறந்துவிட்டால் காசில்லாத உரம் என்ற நினைப்பு நம் குமரி மாவட்டத்து விளைகளில் (தோட்டங்களில்) இன்னும் போகவில்லை. ஏத்தன் வாழை தளதளவென்று வரும்தான். கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. கூடவே குடல்புழு முட்டையும் வரும். உருண்டைப்புழுவின் முட்டை ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நாற்றம் அடங்கியதும் பயமில்லை என்று அதே மண்ணில் வெறுங்கையோடு மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) பிடுங்குகிறோம். முட்டைக்கு ஏது நாற்றம்?

குமரியில் மழையும் இரண்டு முறை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேட்டில் ஒரு வீடு, பள்ளத்தில் இன்னொருவர் கிணறு. மேலே ஊற்றியது கீழே போகாமல் இருக்குமா?

சரி, முறையாக மக்க வைப்பது எப்படி? லாரிக் கசடு பெரும்பாலும் தண்ணீர்தான். அதை வடித்து உலர்த்திய பிறகே தென்னை நார்க்கழிவோ ரப்பர் மரத்தூளோ கலந்து குவிக்க வேண்டும். குவியலுக்குள் 55 டிகிரி செல்சியஸ் சூடு குறைந்தது 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்தப் புரட்டலில்தான். நடுவில் கொதிக்கும்போது ஓரம் குளிர்ந்தே கிடக்கும், ஓரத்துக் கிருமி பிழைத்துக்கொள்ளும். வெப்பமானி இல்லையென்றால் இரும்புக் கம்பியை நடுவில் சொருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடிந்தால் சூடு பற்றாது. மேலே கூரை கட்டாயம்; நனைந்த குவியலில் காற்றோட்டம் நின்று, சூடும் இறங்கிவிடும். முதல் நாளே மண்புழு விடுவதும் வீண், அந்தச் சூட்டில் அது செத்துப்போகும்.

இதெல்லாம் இடமும் ஆளும் உள்ள ஊராட்சிக்கோ பண்ணைக்கோ சரி, வீட்டுக்கொல்லைக்கு ஒத்துவராது. வீட்டில் இரட்டைக்குழிக் கழிப்பறை (ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிக்கொள்வது) இருந்தால் அதுவே சுலபம். நிறைந்த குழியை மூடி ஓராண்டாவது சும்மா விடுங்கள், இரண்டாண்டு என்றால் இன்னும் நல்லது. ஆனால் நாஞ்சில் நாட்டு வயலோரம் போல நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்துக்கு இது ஆகாது. மக்கியதைத் தென்னைக்கும் ரப்பருக்கும் போடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

அப்புறம், எவ்வளவு கூலி கொடுத்தாலும் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைச் சாய்க்கும்; மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. 14420 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் உரிமம் உள்ள லாரிக்கு வழி சொல்வார்கள். எடுத்த கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள்.