மானாவாரி மக்காச்சோளம்: உழவை மழையோடு பொருத்துவது எப்படி?

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்கும் பயிர். புரட்டாசியில் விதைத்தால் தை மாதத்தில் கதிர் ஒடிக்கலாம். புதிதாக விதைக்க வருகிறவர்கள் எந்த விதை, எவ்வளவு உரம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மண்ணையும் நாள்காட்டியையும் முதலில் பாருங்கள் என்பேன் நான்.

1. பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

விதைத்த 55, 60 நாட்களில் கதிரிலிருந்து பட்டுநூல் போன்ற இழைகள் வெளிவரும். உச்சியில் இருக்கும் ஆண்பூவின் மகரந்தம் அவற்றில் விழ வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. அந்த வாரத்தில் மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் இழை காய்ந்துவிடும். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தமும் வீரியம் இழக்கும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பொக்கைக் கதிர்தான். புரட்டாசி நடுவில் விதைத்தால் கார்த்திகையில், மழைக்காலத்திலேயே பூக்கும். ஐப்பசிக் கடைசி வரை தள்ளிப்போட்டால் மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு பூக்கும்.

2. கோடை உழவைத் தவறவிடாதீர்கள்

"சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். அடுத்து வரும் மழை ஓடிப்போகாமல் நிலத்துக்குள் இறங்கும். இன்னொரு பலனும் உண்டு. 2018இல் இந்தியாவுக்குள் வந்த, மக்காச்சோளத்தைத் தின்று அழிக்கும் படைப்புழுவின் கூட்டுப்புழுக்கள் சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடக்கின்றன. டிராக்டருக்குப் பின்னாலேயே மைனாவும் கொக்கும் நடந்து வருவது, உழவில் மேலே வரும் அவற்றைப் பொறுக்கத்தான்.

3. அடிமண் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்

நல்ல மழைக்கு மறுநாள் ஓர் இரும்புக் கம்பியைக் கையால் நிலத்தில் இறக்குங்கள். ஒரு சாண் இறங்கியதும் முட்டி நின்றால், ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததால் உண்டான இறுகல் அங்கே இருக்கிறது. வேரும் அங்கேயே நின்றுவிடும். பத்து நாள் மழை இல்லையென்றால் இலை சுருளும். மண் காய்ந்திருக்கும்போது, ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையை ஓட்டி உடையுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

4. விதைப்பு உழவில் மண்ணை மாவாக்காதீர்கள்

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நானும் ஒருமுறை செம்மண் காட்டில், சுழலும் கத்திகளால் மண்ணைத் தூளாக்கும் ரோட்டாவேட்டரை இரண்டு தடவை ஓட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதென்று மகிழ்ந்தேன். விதைத்த மறுநாள் பெருமழை. அடுத்து மூன்று நாள் வெயில். மேல்மண் ஓடு போல இறுகிவிட்டது. ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தேன்: வெளியே வர வழியில்லாமல் முளை வெள்ளையாகச் சுருண்டு மடங்கிக் கிடந்தது. பாதிக் காட்டில் மறுவிதைப்பு.

ஒன்பது கொத்துக் கலப்பையால் இரண்டு முறை உழுதால் போதும். நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் கிடக்கட்டும். மழைத்துளியின் அடியை அவை தாங்கிக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள்.

கரிசலில் உழவுக்குப் பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழலாம், அப்படியே ஒட்டிக் கிடந்தால் காத்திருங்கள்.

உழவே இல்லாமலும் மக்காச்சோளம் விளைகிறது. ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில் நெல் அறுத்த தாளடியில், மிச்ச ஈரத்திலேயே குழி போட்டு விதைக்கிறார்கள். உழுது காத்திருந்தால் அந்த ஈரம் போய்விடும். ஆனால் அங்கே பிறகு பாய்ச்சத் தண்ணீர் உண்டு. நம் மானாவாரிக் காட்டில் அதை அப்படியே செய்ய முயல வேண்டாம்.

5. பார் பிடித்து விதையுங்கள்

வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. ஆழம் 4 சென்டிமீட்டர். ஏக்கருக்கு 8 கிலோ விதை ஆகும். முதல் மாதத்தில் இந்தப் பயிருக்குத் தேங்கும் தண்ணீர் ஆகவே ஆகாது. ஆகவே மண்ணை நீளமாக மேடு கட்டிய பாரின் பக்கவாட்டில் விதைத்து, பார்களுக்கு நடுவே ஓடும் சாலின் கடைசியில் வடிகால் வெட்டிவிடுங்கள்.

6. மண் அணைப்பு

25ஆம் நாளை ஒட்டிக் களை கொத்தி, மேலுரம் இட்டு, தூரில் மண் அணையுங்கள். கணுவிலிருந்து இறங்கும் தாங்கு வேர்கள் அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசிக் காற்றில் பயிர் சாயாது. மண் ஈரமாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.